நனைந்ததற்கான காரணம்

எங்கள் ஆபீசில் அருவிக்குத் தடை. குற்றாலத்தில், ஐந்தருவி ரோட்டில், சன்னலைத் திறந்தால் சாரல் முகத்தில் அடிக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு அருவிக்குத் தடை போட்ட ஆபீஸ் எங்களுடையது ஒன்றுதான் இருக்கும். தடை போட்டது யார் என்று கேட்டால் சுற்றறிக்கை என்பார்கள், சாப்ட்வேர் என்பார்கள், சென்னை என்பார்கள். நான் கௌரிசங்கர் சாரைத்தான் காட்டுவேன். கோபம் வந்தால் எனக்கு எதிரே ஒரு ஆள் வேண்டும். சுற்றறிக்கையைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

ஆபீசின் பெயர் தென்காசி வட்டாரக் காணொளிக் காப்பகம். மக்களிடம் இருக்கிற வீடியோக்களை வாங்கி, எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றி, நூறு வருடம் பத்திரமாக வைப்பது வேலை. யோசனை நல்ல யோசனைதான், அதில் நான் குறை சொல்லமாட்டேன். பழைய பட்டன் போனில் எடுத்த படம் ஒரு வடிவம், கல்யாண சிடி ஒரு வடிவம், கேமராவில் எடுத்தது இன்னொன்று. ஒவ்வொன்றையும் திறக்க ஒரு சாப்ட்வேர் வேண்டும். அந்த சாப்ட்வேர் வழக்கொழிந்தால் படமும் அதோடு போயிற்று. ஆகவே எல்லாவற்றையும் எம்.கே.வி. என்கிற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று சென்னையில் ஒரு வாரியம் உத்தரவு போட்டு, எங்களுக்கு ஒரு சாப்ட்வேரையும் அனுப்பியது. ஆய்க்குடியிலிருந்து தினமும் பஸ் பிடித்து வரும் ஜெயபிரியாவாகிய நான் அங்கே தொழில்நுட்ப உதவியாளர். ஒப்பந்தப் பணி.

கட்டிடம் ஒரு பழைய லாட்ஜ். வாடகைக்கு எடுத்தபோது போர்டுகளைக் கழற்றவில்லை. என் மேசைக்கு மேலே ‘எண்ணெய் தேய்த்துக்கொண்டு மெத்தையில் படுக்காதீர்’ என்று இன்னும் தொங்குகிறது. சர்வர் ஏழாம் நம்பர் ரூமின் குளியலறையில் இருக்கிறது, ஏனென்றால் அங்கேதான் பூட்டு ஒழுங்காக வேலை செய்கிறது. லாட்ஜில் ரூம் காட்டிக்கொண்டிருந்த இசக்கிமணியும் கட்டிடத்தோடு சேர்ந்து எங்களிடம் வந்துவிட்டார். வயது ஐம்பதைத் தாண்டியும் பழைய பழக்கம் போகவில்லை. யாராவது வீடியோ கொண்டுவந்தால் மாடிப்படியில் நின்று, “மேடம், ஒரு பார்ட்டி வந்திருக்கு, பேமிலி!” என்று கத்துவார்.

பொறுப்பு அதிகாரி கௌரிசங்கர் சார் ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர். சர்வீசில் இருபத்திரண்டு வருடம் வழக்குச் சொத்து அறையைப் பார்த்தவர். அரிவாள், அறுந்த சங்கிலி, சாராய பாட்டில் என்று கேசில் பிடித்த சாமானைத் துணியில் கட்டி, சணல் சுற்றி, அரக்கு உருக்கி ஊற்றி, பித்தளை முத்திரை குத்திப் பத்திரப்படுத்துவது அவர் வேலையாக இருந்தது. அவர் கட்டிய ஒரு மூட்டையைக்கூடக் கோர்ட்டில் எந்த வக்கீலும் குறை சொன்னதில்லையாம். பத்திரமாக வைக்கிற வேலை என்றதும் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டார்கள்.

வீடியோ அவருக்குப் புதிது, கைதி பழசு. அதனால் திறக்காத ஃபைலுக்குத் ‘தலைமறைவு’ என்று பெயர் வைத்தார். சத்தம் வராத ஃபைல் பிறழ்சாட்சி. ஒரே படத்துக்கு இரண்டு பிரதி இருந்தால் ஆள்மாறாட்டம், பழையதைச் சாப்ட்வேரே உடனே அழித்துவிடும். ஒவ்வொரு ஃபைலுக்கும் கம்ப்யூட்டர் ஒரு நீண்ட எண்ணைக் கணக்கிட்டுத் தரும், படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும் என்று அரைமணி நேரம் அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அங்க அடையாளம்னு சொல்லேம்மா. எடது முழங்கையில ஒரு மச்சம். அவ்வளவுதான?” என்றார். அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. அதுதான் எனக்கு எரிச்சல்.

எந்த வீடியோவும் வெளியே போகக் கூடாது என்று கம்ப்யூட்டர்களின் யு.எஸ்.பி. ஓட்டைகளை எல்லாம் எம்-சீல் வைத்து அடைத்தார். கார்டு செருகுகிற ஓட்டை ஒன்றுதான் மிச்சம், அதில் படம் உள்ளே வரும், வெளியே போகாது. செல்போன்கள் காலையில் லாட்ஜின் பழைய லாக்கருக்குள் போய்விடும், சாவி அவர் இடுப்பில். இன்டர்நெட் கேட்டு எழுதிய கடிதத்துக்கு ஏழு மாதமாகப் பதில் இல்லை. சாயங்காலம் கிளம்பும்போது என் டிபன் பாக்ஸைத் திறந்து, மிச்சமிருக்கும் தயிர்சாதத்தைக் கரண்டியால் கிளறி பென் டிரைவ் தேடுவார். வீடியோ கொடுத்தவரே அதைப் பார்க்க வேண்டுமென்றாலும் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மனு எழுதிக் கொடுக்க வேண்டும். ஜெயிலில் கைதியைப் பார்க்கக் கொடுக்கிற படிவத்தை நினைவிலிருந்து சொல்லி, என்னையே டைப் அடிக்க வைத்தார்.

இனி அருவி. சென்னை வாரியத்தின் விதிப்படி, ஒரு நிமிடப் படம் ஐம்பது எம்.பி.க்கு மேல் போகக் கூடாது. வீடியோவில் அசையாத இடத்தைக் கம்ப்யூட்டர் ஒரு தடவை எழுதிக்கொண்டு சும்மா இருந்துவிடும். அசைகிற இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் புதிதாக எழுத வேண்டும். அருவியில் எந்தச் சொட்டும் முந்தின கணம் இருந்த இடத்தில் இருக்காது. ஐந்தருவியை ஒரு நிமிடம் எடுத்தால் ஐந்நூறு எம்.பி.யைத் தாண்டியது. விதியை எழுதினவர்கள் உட்கார்ந்து பேசுகிறவர்களை மட்டுமே படம் பிடித்திருப்பார்கள் போல. சாப்ட்வேர் அருவியைப் பார்த்ததும் சிவப்பு எழுத்தில் ‘மிகை அசைவு’ என்று காட்டித் தள்ளிவிட்டது.

ஜெபசிங் ஸ்டுடியோக்காரர் கொண்டுவந்த கல்யாண ரிசப்ஷன் வீடியோக்கள் மட்டும் மடமடவென்று பாஸ் ஆயின. பொண்ணும் மாப்பிள்ளையும் மூன்று மணி நேரம் மேடையில் இம்மி அசையாமல் நிற்கிறார்கள். காதுகுத்துப் படங்களும் பாஸ், பிள்ளையைத் தாய்மாமன் இறுக்கிப் பிடித்திருக்கிறார். நூறு வருடம் கழித்து இவற்றைப் பார்க்கிறவர்கள் தென்காசிப் பக்கத்து ஜனங்களுக்குக் கைகால் வராது என்று நினைப்பார்கள்.

ஏப்ரலில் ஒவ்வொரு வட்டாரமும் தன் ஊர் அடையாளத்தை மாதிரிக் காணொளியாக அனுப்ப வேண்டும் என்று கேட்டார்கள். அப்போது ஐந்தருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பாறை மட்டும் ஐந்து கறுப்புத் தடமாக நின்றது. கௌரிசங்கர் சார் கேமராவை ஸ்டாண்டில் பூட்டி ஒரு நிமிடம் எடுத்தார். நடுவில் ஒரு குரங்கு வந்து உட்கார்ந்து சொறிந்தது. இசக்கிமணியை விட்டு அதை விரட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எடுத்தார். மொத்தம் மூன்று எம்.பி. வாரியத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அருவிகளைக் காப்பகத்தில் சேர்ப்போர் இம்மாதிரியைப் பின்பற்ற வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். சார் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்.

மே மாதம் ஒருநாள் இசக்கிமணி படியில் நின்று, “மேடம், ஒரு பார்ட்டி. சிங்கிளு!” என்றார்.

வந்தவர் கடற்கரை அண்ணாச்சி. அச்சன்புதூர்க்காரர். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, சீசனில் ஐந்தருவிப் பக்கம் மங்குஸ்தான், ரம்புட்டான் கடை போடுகிறவர். இஸ்திரி போட்ட சட்டை, ஒட்ட வெட்டிய முடி. கைக்குட்டையை நாலாக மடித்து, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஒரு மெமரி கார்டு.

“நூறு வருசம் வைப்பிய்யன்னு போர்டுல போட்டிருக்கே தாயி, நெசந்தானா?” என்று கேட்டார்.

“நெசந்தான் அண்ணாச்சி. என்ன படம்?”

“என் வீட்டுக்காரி. குருவம்மா. தவறி நாலு வருசம் ஆச்சு.” கைக்குட்டையை மறுபடி நாலாக மடித்தார். “போட்டோ இருக்கு, ரேசன் கார்டுல, அதுல இதுல. அவ அசையுததும் பேசுததும் இது ஒண்ணுலதான் இருக்கு. அந்தப் போனு செத்துப் போச்சு. எங்கிட்ட இருந்தா எங்கயாவது தொலைச்சிருவேன்னு பயம்மா இருக்கு.”

திறந்து பார்த்தேன். முப்பத்தெட்டு விநாடி. பட்டன் போனில் எடுத்தது, கலங்கலான படம். பின்னால் ஐந்தருவி முழுசாக விழுகிறது. முன்னால் ஒரு பெண் நனைந்த சேலையோடு முடியைப் பிழிந்துகொண்டு நிற்கிறார். “அந்தப் போன உள்ள வையுங்க, தண்ணி பட்டுரும்” என்கிறார். எடுத்த அண்ணாச்சி கேட்கவில்லை போலிருக்கிறது. உடனே சிரித்துக்கொண்டே ஒரு கை தண்ணீரை அள்ளி கேமராவைப் பார்த்து வீசுகிறார். அதோடு முடிந்துவிடுகிறது.

“பதினேழு வருசம் பட்டாளம் தாயி. வருசத்துக்கு ஒரு லீவு. அதுலயும் பாதி அங்க கல்யாணம், இங்க துட்டி, சாவுன்னு போயிரும். உள்ளூர்க்காரனுக்கு அருவி என்ன அதிசயமா? சீசன்ல நாம யாரு போவோம்? அவதான் ஒருதடவ கேட்டா. கூட்டிட்டு வந்தேன்.”

படத்தைச் சர்வரில் ஏற்றினேன். அடுத்தது கார்டைப் பத்திரப்படுத்துவது. அது கௌரிசங்கர் சார் துறை. அதுவரை வந்த முப்பது கார்டுகளுக்கு என்ன செய்தாரோ அதையே செய்தார். வெள்ளைத் துணியை வெட்டி, கார்டை அதில் பொதிந்து, சணல் கட்டி, மெழுகுவர்த்தியில் அரக்கைக் காட்டி உருக்கினார். கார்டு கட்டைவிரல் நகம் அளவு. அரக்குச் சொட்டு அதைவிடப் பெரிது.

“சார், சூடு...” என்றேன். முதல் கார்டிலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

“ஏம்மா, அரிவாளுக்கே ஒண்ணும் ஆவல. இதுக்கு என்ன ஆவப்போவுது?” என்று முத்திரையை அழுத்திக் குத்தினார்.

கடற்கரை அண்ணாச்சிக்கு முகமெல்லாம் திருப்தி. சீல் வைத்தால்தான் அவருக்கும் பத்திரம். இரண்டு பேரும் விறைப்பாகக் கை குலுக்கிக்கொண்டார்கள்.

ஜூன் இரண்டாம் வாரம், விதிப்படி ஒரு கார்டை எடுத்துச் சோதிக்க வேண்டிவந்தது. அரக்கை உடைத்து, துணியை அவிழ்த்து, கார்டைச் செருகினேன். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. சாயங்காலத்துக்குள் முப்பத்தோரு கார்டுகளையும் பிரித்துப் பார்த்தாயிற்று. சில வளைந்திருந்தன. சில பார்வைக்கு நன்றாக இருந்தன. ஒன்றுக்கும் உயிர் இல்லை.

கௌரிசங்கர் சார் தட்டில் கிடந்த கார்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவதற்கு ஒரு மாதமாகச் சேர்த்துவைத்திருந்த வார்த்தையெல்லாம் அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாயில் வரவில்லை. “அரிவாளுக்கு ஒண்ணும் ஆவலியே” என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். மறுபடியும் முப்பத்தொன்றையும் தனித்தனியாகத் துணியில் சுற்றினார். அரக்கு வைக்கவில்லை.

முப்பது கார்டுகளைப் பற்றிக் கவலை இல்லை. அவற்றில் இருந்த கல்யாணமும் காதுகுத்தும் சோதனையில் பாஸ் ஆகிச் சர்வரில் நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டன. முப்பத்தொன்றாவதுதான் குருவம்மாள். அவர் பின்னால் அருவி விழுகிறது. மிகை அசைவு. நிலுவைப் பட்டியலில் நிற்கிறார். தகுதி பெறாத ஃபைல்களை ஜூன் முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குச் சாப்ட்வேர் தானாகவே அழித்துவிடும். அதன் பிறகு அந்த முப்பத்தெட்டு விநாடி உலகத்தில் எங்கேயும் இருக்காது.

இந்த லட்சணத்தில் அண்ணாச்சி கடையிலிருந்து தினமும் மத்தியானம் வந்துபோவார். ஒரு காகிதப் பையில் நாலு மங்குஸ்தான் வைத்துக் கொடுத்து, “என்ன தாயி, அவள உள்ள சேத்தாச்சா?” என்பார். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவர் கேட்கிற மாதிரி இருக்கும். “வேலை நடக்கு அண்ணாச்சி” என்பேன். அவர் போன பிறகு அந்தப் பழத்தை என்னால் தின்ன முடிந்ததில்லை.

சாரிடம் சண்டை போட்டேன். ஒரே ஒரு பிரதி, ஒரு பென் டிரைவ், எம்-சீலைக் கொஞ்சம் சுரண்டினால் போதும். “விதி இருக்குல்லாம்மா” என்றார். ஆனாலும் என் எதிரிலேயே சென்னைக்கு போன் போட்டு, எழுந்து நின்று பேசினார். மூன்றாம் நாள் பதில் தபாலில் வந்தது. ‘அருவியின் அளவைக் குறைத்து மீண்டும் சமர்ப்பிக்கவும்.’

இசக்கிமணி எட்டிப் பார்த்துவிட்டு, “நம்ம லாட்ஜுல கீசர் குழாயவே கொறைக்க முடியாது. அருவிய எங்கன போயி கொறைக்க?” என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய படங்களில் உள்ள கீறல், புள்ளி, பூஞ்சைக் கறை ஆகியவற்றை நீக்கலாம் என்று வாரியத்துச் சுற்றறிக்கையின் பதினொன்றாம் பத்தியில் இருக்கிறது. கறை எது என்று எங்கேயும் சொல்லவில்லை. அருவிதான் கறை என்று நான் முடிவு செய்தேன். அதே இடத்தில், கிட்டத்தட்ட அதே கோணத்தில், சார் கண்ணாடிச் சட்டம் போடுகிற அளவுக்கு வாரியமே பாராட்டிய காய்ந்த பாறை என்னிடம் இருந்தது. குருவம்மாளை அப்படியே விட்டுவிட்டு, அவர் பின்னால் விழுகிற தண்ணீரை எடுத்துவிட்டுப் பாறையை வைத்துவிட்டால் போதும்.

சொல்லிவிட்டேன், செய்த பாடு எனக்குத்தான் தெரியும். விநாடிக்குப் பதினைந்து படம். முப்பத்தெட்டு விநாடிக்கு ஐந்நூற்று எழுபது. ஒவ்வொன்றிலும் அவரைச் சுற்றி கையால் கோடு இழுத்து, வெளியே இருக்கிற தண்ணீரைத் துடைக்க வேண்டும். ஐந்து நாள், வேறு எந்தப் பார்ட்டி வந்தாலும் இசக்கிமணியை விட்டு “ரூம் ஃபுல்லு” என்று சொல்லி அனுப்பினேன்.

ஐந்நூற்று எழுபது தடவை ஒருவர் முகத்தைச் சுற்றிக் கோடு போட்டால் அவர் நமக்குச் சொந்தமாகிவிடுகிறார். இடது கையில் கண்ணாடி வளையல், வலது கையில் ரப்பர் வளையல். முந்தானையில் ஊக்கு குத்தியிருக்கிறார். இருநூற்றுப் பத்தாவது படத்தில் அவருக்குக் கோபம் மாதிரி ஒன்று வருகிறது, இருநூற்றுப் பதினைந்தில் அது சிரிப்பாக ஆரம்பிக்கிறது. இடையில் உள்ள நான்கு படங்களில் அது எதுவென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. முடி நுனியில் தொங்குகிற சொட்டை எடுக்கவா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். அது அவருடையது என்று விட்டுவிட்டேன். கடைசியில் அவர் கை வீசி எறிகிற தண்ணீரை மட்டும் விட முடியவில்லை. அது திரை முழுக்கச் சிதறியது. அதை எடுத்துவிட்டுப் பார்த்தேன். வெறும் கையை வீசுகிறார்.

முப்பதாம் தேதி காலையில் சாப்ட்வேரில் ஏற்றினேன். பச்சை எழுத்தில் ‘அசைவு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்’ என்று வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சிரித்துக்கொண்டேதான் அழுதேன். அந்தக் கையோடே ஆள்மாறாட்ட விதிப்படி பழைய ஃபைல் தானாக அழிந்துபோனது. இனி இது ஒன்றுதான். மீதி இருந்தது பொறுப்பு அதிகாரி பார்த்துப் போட வேண்டிய கையெழுத்து. கொடுத்தவரும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதால் கடற்கரை அண்ணாச்சியை இசக்கிமணி போய்க் கூட்டிவந்தார். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. அண்ணாச்சியின் சட்டைத் தோள் ஈரமாக இருந்தது.

கௌரிசங்கர் சார் திரையைத் தன் பக்கம் திருப்பி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுசாகப் பார்த்தார். மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது தடவை நடுவில் நிறுத்தச் சொன்னார். இருபத்திரண்டு வருட போலீஸ் புத்தி எங்கே போகும்?

“ஏம்மா ஜெயபிரியா, பாறை காஞ்சு கெடக்கு. இந்தம்மா எப்படி நனைஞ்சாங்க?”

நான் நிறுத்திய படத்தை மறுபடி ஓடவிட்டேன்.

“முடியப் பிழியுதாங்க. தண்ணி கொட்டுது. எங்கருந்து வந்த தண்ணி? இது என்ன இரைச்சல்?”

படத்தை மட்டும்தான் நான் தொட்டேன். சத்தத்துக்கு விதியில் அளவு எதுவும் இல்லாததால் அருவி முழுசாக இரைந்துகொண்டிருந்தது. சார் படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டார். ‘படத்தில் காணப்படும் அசாதாரண நிலைக்கான விளக்கம்’ என்று அதில் ஒரு கட்டம் உண்டு. அதில் ‘நனைந்ததற்கான காரணம்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் பேனாவை நிறுத்தினார். அருவி என்று எழுதினால் அருவி எங்கே என்று கேள்வி வரும். படம் திருத்தப்பட்டது என்றாகிவிடும், ஐந்து மணிக்கு முன்னால் நானே அழிக்க வேண்டியதுதான். மணி மூன்றரை.

எதிரே உட்கார்ந்திருந்த அண்ணாச்சிக்குத் திரை தெரியவில்லை, இந்தச் சிக்கலும் தெரியாது. பட்டாளத்துக்காரர், மேலதிகாரி கேள்வி கேட்டால் உள்ளது உள்ளபடி சொல்லிப் பழக்கம். எழுந்து நின்று, “சார், அன்னைக்கு அருவியில நல்ல...” என்று ஆரம்பித்தார்.

“ஹவில்தார்.” சார் கையைத் தூக்கினார். “நான் ஒங்கள கேக்கல. உக்காருங்க.”

அண்ணாச்சி உட்கார்ந்தார். சார் மேசை டிராயரைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து முன்னால் வைத்தார். அரக்கு வைக்காத பொட்டலம்.

“இது ஒங்க கார்டு. நான் அரக்கு ஊத்துன சூட்டுல கெட்டுப்போச்சு. இந்தப் பிள்ள அன்னைக்கே சொல்லிச்சு, நான் கேக்கல. தப்பு என் பேர்ல.” ஸ்டேஷன் டைரியில் எழுதுகிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார். “இப்பம் ஒங்க வீட்டுக்காரம்மா இருக்கது இந்தப் படத்துல மட்டுந்தான்.”

அண்ணாச்சி பொட்டலத்தைத் தொடவில்லை. கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். எனக்கு அந்த ரூமிலிருந்து எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

சார் சன்னலைப் பார்த்தார். “ஏலே இசக்கி, வெளிய என்ன விழுது?”

“சாரல் சார்.”

“இப்பம் ஒரு கேமராவ வச்சு எடுத்தா அதுல தெரியுமா?”

“எப்படி சார் தெரியும்? சாரலு படத்துல விழாதே.”

“விழாது. ஆனா ஆள் நனைவான். இந்த ஊருக்காரன் எவனும் இல்லன்னு சொல்ல முடியாது.” பேனாவை எடுத்தார். எழுத எழுத வாய்விட்டுச் சொன்னார். “நனைந்ததற்கான காரணம்: சாரல். இரைச்சலுக்கான காரணம்: காற்று.” கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். படிவத்தில்தான் குத்தினார், அரக்கு இல்லாமல், மை வைத்து.

நான் ஃபைலை நிரந்தரப் பட்டியலில் சேர்த்தேன். சேர்ந்த பிறகு அண்ணாச்சிக்கு ஒரு தடவை போட்டுக் காட்டச் சொன்னார் சார்.

அண்ணாச்சி நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். காய்ந்த பாறைக்கு முன்னால் குருவம்மாள் சொட்டச் சொட்ட நின்றார்.  தன்னுடைய ஒரே படத்தை நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று அண்ணாச்சி கேட்டால் சொல்வதற்கு என்னிடம் பதினொன்றாம் பத்திதான் இருந்தது. “அந்தப் போன உள்ள வையுங்க” என்று குருவம்மாள் சொன்னதற்கு அண்ணாச்சி தலையாட்டினார். கடைசியில் குருவம்மாள் வெறும் கையை வீசினார். அண்ணாச்சி சட்டென்று முகத்தைத் திருப்பிக் கண்ணை இறுக்கி மூடினார். பிறகு கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, தண்ணி...” என்றேன். “பின்னால இருந்த அருவிய நான்தான்...”

“அருவியா?” என்றார். “அன்னைக்கும் நான் அத பாக்கல தாயி.”

இன்னொரு தடவை போடச் சொன்னார். சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, “செவ்வாக்கிழமை பதினோரு மணி. மனு எழுதிக் குடுத்தாதான் பாக்க முடியும்” என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த மனுஷன் இப்போதுதானே ஆளாக மாறினார், அதற்குள் மறுபடி சட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டாரே என்று வாயைத் திறக்கப்போனேன். ஆனால் அண்ணாச்சி அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவே இல்லை. “வாரத்துக்கு ஒருக்கவா சார்?” என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நல்ல கூட்டம். சீசன் உச்சம், ஐந்தருவியில் வரிசை ரோடு வரைக்கும் நின்றது. கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டுப் பத்தே முக்காலுக்கே அண்ணாச்சி வந்து நின்றார். புதுச் சட்டை, முகச்சவரம், நெற்றியில் திருநீறு. இசக்கிமணி வழக்கம்போலக் கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டு, என்ன நினைத்தாரோ, கத்தாமல் தானே மேலே ஏறி வந்து, “மேடம், அண்ணாச்சி வந்திருக்காவ” என்றார்.

மனுப் படிவத்தை நீட்டினேன். மேசையில் வைத்து, எழுத்துக் கூட்டி நிதானமாக எழுதினார். பார்க்க விரும்பும் நபரின் பெயர்: குருவம்மாள். உறவுமுறை: மனைவி. சந்திப்பதற்கான காரணம் என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. பிறகு எழுதி, கையெழுத்துப் போட்டு, என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

லீவில் வந்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார்.